முழங்காலாரைக் கேட்டுச் சொல்லுறன்

அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதுதான் என் வேலை. யாருடைய பெயரையும் வெளியில் கதைக்க மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவருடைய நோயைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் கோபிக்க மாட்டார். கோபித்தால் அவருடைய முழங்கால்தான் கோபிக்கும்.

அவர் தன் உடம்பில் உள்ள எதையும் அது, இது என்று சொன்னதில்லை. முழங்கால் அவருக்கு முழங்காலார். இடுப்பு, இடுப்பார். தோள், தோளார். யாழ்ப்பாணத்து ஆட்கள் பகிடிக்கு நாயைக்கூட நாயார் என்பதுண்டு. மழை வரப் பார்த்தால் மழையார் வரப்போறார் என்பார்கள். அதெல்லாம் ஒரு தடவை சொல்லிச் சிரித்துவிட்டு மறக்கிற பகிடி. இவர் பகிடி விடவில்லை. "இடுப்பார் காலமை தொடக்கம் என்னோடை கதைக்கிறார் இல்லை, தங்கச்சி" என்று அவர் சொல்லும்போது, வெளியே விறாந்தையில் உண்மையாகவே ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார் என்றுதான் தோன்றும்.

அவரை முதலில் கண்டது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவின் மாடிப்படியில். கீழே மரக்கறிக் கடையும் நகைக்கடையும், மேலே சுகாதார நிலையம். இருபத்திரண்டு படி. எலிவேற்றர் ஒன்று இருந்தது. அது வேலை செய்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். படிகளின் எண்ணிக்கை எனக்கு மறக்காததற்குக் காரணம் உண்டு. அந்த வருடம் அந்தப் படிகளில் ஏறுவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. எட்டாவது படியில் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். பதினான்காவது படியில் காதுக்குள் இரையும். அந்த இடத்தில் நின்று, ஏதோ அவசரச் செய்தி வந்ததுபோலப் போனை எடுத்துப் பார்ப்பேன். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், காலையில் கிளினிக், பின்னேரம் தொலைபேசியில் மொழிபெயர்ப்பு. வயது போகிறது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய டொக்ரர்களுக்கு முன்னால் இருந்த நான், என்னுடைய டொக்ரரைப் பார்த்து மூன்று வருடமாகியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் பச்சையரிசி சப்பினேன். கொஞ்ச நஞ்சமில்லை. ஹான்ட் பாக்கில் ஒரு சின்னப் பேணி நிறைய அரிசி எப்போதும் இருக்கும். பஸ்ஸில், படிக்கட்டில், ஒரு அப்பொயின்ற்மென்ற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில், யார் கண்ணிலும் படாமல் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. வாய் கேட்டது, கொடுத்தேன்.

அன்று படியில் எனக்கு முன்னால் அவர் நின்றார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. கட்டையான, அகன்ற மனிதர். இரண்டு முன்கைகளிலும் பழைய தீக்காயத் தழும்புகள். கைப்பிடியைப் பிடித்தபடி கீழே பார்த்து, "வாங்கோ, இன்னும் கொஞ்சம்தான். மேலை கதிரை கிடக்கு, போய் ஆறுதலா இருப்பம்" என்றார். எனக்குப் பின்னால் வயதான யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் தவிரப் படியில் ஒருவரும் இல்லை.

பத்து நிமிடம் கழித்து டொக்ரரின் அறையில் பார்த்தால் அவர்தான் என்னுடைய அன்றைய ஆள். நான் வழக்கமாகச் சொல்கிற முன்னுரையைச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் அப்பிடியே இங்கிலீசிலை சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன். நீங்கள் 'நான்' எண்டு சொன்னால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லுவன். குழம்பாதேங்கோ."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். எல்லாத்தையும்."

"டொக்ரரை ஏசினாலும்?"

"அதையும்தான்."

"நல்ல வேலை" என்றார்.

எங்கள் தொழிலின் முதல் விதி அது. நோயாளி 'எனக்கு நோகுது' என்றால், 'இவருக்கு நோகிறதாம்' என்று சொல்லக்கூடாது. 'எனக்கு நோகிறது' என்றே சொல்ல வேண்டும். அந்த விதிப்படி ஒரே நாளில் காலையில் எனக்கு நீரிழிவு வரும், மத்தியானம் நான் கர்ப்பமாயிருப்பேன், பின்னேரம் எனக்குப் புறஸ்ரேற் சுரப்பி வீங்கும். பழகிவிட்டது.

டொக்ரர் அவருடைய நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். எல்லாரும் உடனே ஒரு இலக்கத்தைச் சொல்வார்கள். பெரும்பாலும் எட்டு. இவர் இரண்டு கைகளையும் இடது முழங்காலின் மேல் வைத்தார். கண்ணை மூடினார். மூச்சை மெல்ல எடுத்து, மெல்ல விட்டார். டொக்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பொறுக்கச் சொல்லுங்கோ, தங்கச்சி. முழங்காலாரைக் கேட்டுச் சொல்லுறன்."

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் ஒருமுறை விழுங்கிவிட்டு, முழங்காலாருக்கு வேறு சொல் கிடைக்காமல், "மிஸ்டர் நீயைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று இங்கிலீசில் சொன்னேன். டொக்ரர் புருவத்தைத் தூக்கி, "மிஸ்டர் நீ?" என்றார்.

இவர் கண்ணைத் திறந்தார். "என்ன, உந்த மனிசன் நீ எண்டு கதைக்கிறார்?"

"இல்லை அண்ணை. முழங்காலுக்கு இங்கிலீசிலை நீ எண்டுதான் சொல்லுறது."

"என்னை நீ எண்டு சொல்லட்டும், காரியமில்லை. இவரைப்போய் நீ எண்டோ? இவர் என்னைச் சுமந்துகொண்டு திரியிற ஆள்."

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்ரர் முதலில் விழித்தார், பிறகு சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. முழங்காலார் ஆறு என்று சொன்னார். டொக்ரர் ஆறு என்று எழுதிக்கொண்டார். முப்பது வருடம் இந்த நாட்டு உணவகக் குசினிகளில் நின்றவருக்கு 'நீ' என்றால் முழங்கால் என்று தெரியாதா? தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆள் கள்ளன்.

அந்த நிலையத்தில் அப்போது நாட்பட்ட நோவு உள்ளவர்களுக்கு, வாரம் ஒரு நாளாக, எட்டுக் கிழமை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது, தன்னோடு அன்பாக இருப்பது, இவைதான் பாடம். நடத்தியவள் நெட்டையான, மிருதுவான குரல் உள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண். தமிழ் ஆட்களுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டும். அறிவித்தலையும் நானே தமிழில் எழுதினேன். அங்கேதான் பிழை நேர்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டு, கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒவ்வொரு இடமாக மனத்தால் போய், எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பொடி ஸ்கான்'. நான் அவசரத்தில், "முதல் வகுப்பில் உங்கள் உடம்பு முழுவதும் ஸ்கான் செய்யப்படும்" என்று எழுதிவிட்டேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர். பன்னிரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வந்தார்கள். எல்லார் கையிலும் ஹெல்த் கார்ட். ஒரு அன்ரி பழைய எக்ஸ்றேக்களை ஒரு பெரிய கடதாசி உறைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வயிற்று ஸ்கானுக்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். இவர் என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு லீற்றர் குடிச்சிட்டு பஸ்ஸிலை வந்தனான். இனி அடக்க ஏலாது. மெஷின் எங்கை?"

"மெஷின் இல்லை அண்ணை. சும்மா கண்ணை மூடிக்கொண்டு நாங்களே பாக்கிறது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் போகலாமோ?"

"எங்கை, வீட்டையோ?"

"இல்லை, பாத்றூமுக்கு."

மூச்சுப் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரும் முதலில் ஏன் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். அவள் பாவம், மன்னிப்புக் கேட்டாள். மூன்று பேர் என்னைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். "வந்ததுதான் வந்தனான், மெஷின் இல்லாட்டில் நானே ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் அவள் ஒவ்வொருவரிடமும் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டாள். மற்றவர்கள் பசிக்கிறது என்றார்கள். இவர் சொன்னார்: "எல்லாரும் இருக்கினம். வலது தோளார் மட்டும் கோவம். சின்ன விரலாரை நான் கனகாலமா விசாரிக்கேல்லை, அவர் அதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நல்ல மனிசன்." ஒருவரும் சிரிக்கவில்லை. எக்ஸ்றே அன்ரி குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது கேட்டேன், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று. அவர் வலது கையை விரித்து, மடக்கி, விரித்துக் காட்டினார்.

"வந்த புதுசிலை சென் ஜேம்ஸ் ரவுணிலை இருந்தனாங்கள். ஒரு அப்பாட்மென்ற்றிலை ஏழு பேர். பகல் ஒரு குசினி, பின்னேரம் இன்னொரு குசினி. நாள் முழுக்க சட்டி பிடிச்ச கை. ஒரு நாள் ஸ்ரீற்காரிலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இறங்கிற இடம் வந்திட்டுது. கை விடுகுதில்லை. நான் விடு எண்டுறன், அது கேக்குதில்லை. சனம் பின்னாலை நிண்டு தள்ளுது. மற்றக் கையாலை ஒவ்வொரு விரலா எடுத்து விட்டனான். விடேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது."

"நோவிலையோ?"

"இல்லை, வெக்கத்திலை. ஊரிலையோ இஞ்சையோ எனக்குக் கீழை ஒருத்தரும் வேலை செய்ததில்லை, தங்கச்சி. எல்லா இடத்திலையும் நான்தான் கடைசி ஆள். எனக்கு வேலை செய்தது இவை மட்டும்தான். நான் இவைக்கு என்ன செய்தனான்? இஞ்சை நான் கண்ட முதலாளிமார் எல்லாரிலும் பாக்க மோசமான முதலாளி நான்தான். அண்டைக்கு ஸ்ரீற்கார் போன பிறகு றோட்டுக் கரையிலை நிண்டு கையாரிட்டை மன்னிப்புக் கேட்டனான். அண்டு தொடங்கினதுதான் உந்த மரியாதை."

நான் ஹான்ட் பாக்குக்குள் கையை விட்டு இரண்டு அரிசியை எடுத்து வாயில் போட்டேன்.

"என்ன சப்புறியள்?"

"கச்சான், அண்ணை." வறுத்த நிலக்கடலை என்று பொய் சொன்னேன்.

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் சமையல்காரன். கச்சான் உந்தச் சத்தம் போடாது." அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலாவது கிழமைப் பாடம், தன்மீது அன்பு. 'நான் சுகமாக இருக்கட்டும், நான் அமைதியாக இருக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்த்தேன். எக்ஸ்றே அன்ரி, "பிள்ளையள் சுகமா இருக்கட்டும் எண்டு சொல்லட்டே?" என்று கேட்டார். இன்னொருவர், "எனக்கு நானே கேக்கிறது ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். அந்தப் பெண் எவ்வளவோ விளக்கினாள். நானும் எவ்வளவோ மொழிபெயர்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தங்களோடு அன்பாக இருக்க வராது. தான் என்று தொடங்கினாலே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

இவர்தான் வழி கண்டுபிடித்தார். கையை முழங்காலில் வைத்து, "முழங்காலார் சுகமா இருக்கட்டும்" என்றார். பிறகு, "இடுப்பார் சுகமா இருக்கட்டும். மூச்சார் சுகமா இருக்கட்டும். மூச்சார் ஒருத்தர்தான் பிறந்த நாள் தொடக்கம் லீவு எடுக்காத ஆள்."

அதன் பிறகு அறை கலகலத்துவிட்டது. ஆளுக்கு ஆள் தங்கள் கழுத்தாரையும் குதிக்காலாரையும் வயிற்றாரையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். எக்ஸ்றே அன்ரி தன் முதுகாருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கண்ணீர் விட்டார். வீட்டுக்கு வந்த ஆளை ஒரு கோப்பைத் தேத்தண்ணியாவது கொடுக்காமல் அனுப்பத் தெரியாத சனம் நாங்கள். ஒரு 'ஆர்' போட்டதும் எங்கள் உடம்பு எங்களுக்கு விருந்தாளியாகிவிட்டது. அந்த வெள்ளைக்காரப் பெண் என்னிடம் என்ன நடக்கிறது என்று கேட்டாள். மரியாதை நடக்கிறது என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

மூச்சு வகுப்பில் மூச்சு விட முடியாத ஒரே ஆள் மொழிபெயர்ப்பாளர்தான். அதை அதுவரை நான் யோசித்ததில்லை. எல்லாரும் மூச்சை உள்ளே எடுக்கும்போது நான் "மூச்சை உள்ளுக்கு எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாரும் வெளியே விடும்போது "மெல்ல விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு மூச்சு எடுக்க இடமே இல்லை. அந்த நாட்களில் ஒரு வசனத்தை முடிக்கவே எனக்கு நடுவில் நிற்க வேண்டியிருந்தது. "மூச்சை" என்று சொல்லி, நின்று, "உள்ளுக்கு எடுங்கோ" என்பேன். அது பயிற்சியின் அழகு என்று அந்தப் பெண் நினைத்தாள். நன்றாக இடைவெளி விட்டுச் சொல்கிறாய் என்று பாராட்டினாள். படியில் இவரோடு ஏறும்போதும் நடுவில் நின்று, உங்களுக்காக நிற்கிறேன் அண்ணை என்பேன்.

ஐந்தாவது கிழமை நடுவில் இவர் கையைத் தூக்கினார். "தங்கச்சி, ப்றீத் இன், ப்றீத் அவுட் எண்டால் இப்ப எங்கள் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

"அது என்ரை வேலை, அண்ணை."

"தெரியும். பத்து நிமிசம். நாங்கள் ஆரிட்டையும் சொல்லமாட்டம்."

நான் கதிரையில் இருந்தேன். கண்ணை மூடினேன். இரண்டாவது மூச்சிலேயே பயம் வந்துவிட்டது. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருந்தது. சும்மா கதிரையில் இருக்கிற ஒரு பெண்ணுடைய நெஞ்சு அது, ஓடி வந்தவளுடையதுபோல. அது எத்தனை மாதமாக அப்படி அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ரிசூ எடுக்கப் போவதுபோல எழும்பி வெளியே போனேன். திரும்பி வரும்போது இவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

அன்று படியால் இறங்கும்போது கேட்டார்: "ஏறேக்கை எல்லா நாளும் பதினாலாம் படியிலை நிண்டு எனக்காக நிக்கிறன் எண்டு சொல்லுறியள். இண்டைக்கு நான் முதலே ஏறிட்டன். மேலை நிண்டு பாத்தனான். ஆருக்காக நிண்டனியள்?"

"போன் வந்தது."

"நாள் முழுக்க எல்லாருக்கும் நான், நான் எண்டு சொல்லுறியள். உங்கடை நான் எங்கை, தங்கச்சி?"

அது உங்களுக்குத் தேவையில்லாத கதை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஒரு நோயாளியோடு நான் அப்படிக் கதைத்தது அந்த ஒரு தடவைதான். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு முழங்காலாரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆறாவது கிழமை அவருக்கு அதே டொக்ரரிடம் அப்பொயின்ற்மென்ற் இருந்தது. முழங்காலார் நாலு என்று சொன்னார். டொக்ரருக்குச் சந்தோசம். வேறு ஏதாவது முறைப்பாடு உண்டா என்று கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லுற எல்லாத்தையும் சொல்லுவியள்தானே?"

"சொல்லுவன் அண்ணை."

"கூட்டமாட்டியள், குறைக்கமாட்டியள்."

"ஓம்."

அவர் டொக்ரரைப் பார்த்து, ஒவ்வொரு வசனமாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டுச் சொன்னார்.

"எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குது."

எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இங்கிலீசில் சொன்னேன்.

"சும்மா இருக்கேக்கையும் நெஞ்சு அடிக்குது. ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலாமல் கிடக்கு."

சொன்னேன். முழங்காலைத் தவிர இவருக்கு வேறொன்றும் இல்லையே என்று ஒரு யோசனை வந்தது. மறைத்து வைத்திருந்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன்.

"நகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கு."

டொக்ரர் எட்டி அவருடைய கையைப் பார்த்தார். தழும்பு விழுந்த, நல்ல சிவந்த கை. டொக்ரருக்குக் குழப்பம்.

"பச்சையரிசி சப்புறன். என்ரை ஹான்ட் பாக்கிலை ஒரு பேணியிலை வைச்சிருக்கிறன்."

நான் வாயைத் திறந்தேன். "நான் பச்சையரிசி சப்புகிறேன்" என்று இங்கிலீசில் சொன்னேன். என் காதில் என் குரல் கேட்டது. "என்னுடைய ஹான்ட் பாக்கில்" என்று சொல்லும்போது என் கை என் மடியில் இருந்த ஹான்ட் பாக்கின் மேல் இருந்தது. அவரிடம் பை ஒன்றும் இல்லை. மூன்று பேர் இருந்த அந்த அறையில் பை இருந்தது என்னிடம் மட்டும்தான்.

அவர் நிறுத்தவில்லை. குரல் மட்டும் தணிந்தது. "எனக்குப் பயமாக் கிடக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அந்த ஒரு வசனத்தை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. பதினொரு வருடத் தொழிலில் முதல் தடவை. எத்தனையோ பேருடைய புற்றுநோயைக் கண் கலங்காமல் 'எனக்கு' என்று சொன்னவள், பேணி அரிசிக்காக டொக்ரர் முன்னால் அழுதுகொண்டிருந்தேன். டொக்ரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, யார் நோயாளி என்று கேட்டார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் நேரே இங்கிலீசிலேயே சொன்னார். "நொட் மீ, டொக்ரர். மை சிஸ்ரர்."

அன்றே இரத்தம் எடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் போன் வந்தது, உடனே எமர்ஜென்சிக்குப் போ என்று. மாதவிலக்கில் மாதக்கணக்காக அளவுக்கு மிஞ்சி இரத்தம் போய்க்கொண்டிருந்ததை நான் வயது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரும்புச்சத்து இல்லாத உடம்பு சில பேரிடம் அரிசி கேட்குமாம், சில பேரிடம் ஐஸ் கேட்குமாம். கையில் ஊசி ஏற்றிய நேர்ஸ், இந்த அளவு இரத்தத்தோடு நீ எப்படி இங்கே நடந்து வந்தாய் என்று கேட்டாள். ஒரு பை இரத்தம் ஏறி முடிந்து இரண்டாவது ஏறும்போது நான் கண்ணை மூடி, கால்விரலில் தொடங்கி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். நெஞ்சாரிடம் வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். உரக்கத்தான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பரவாயில்லை என்றார்.

எட்டாவது கிழமை, கடைசி வகுப்புக்குத்தான் என்னால் போக முடிந்தது. எலிவேற்றர் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. அவர் பத்தாவது படியில் நின்று முழங்காலாரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் ஏறி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நெஞ்சு அமைதியாக இருந்தது.

"நீங்கள் போங்கோ தங்கச்சி. இனி எனக்காக நிக்கிறன் எண்டு பொய் சொல்லத் தேவையில்லை."

"இண்டைக்குத்தான் அண்ணை உண்மையாவே உங்களுக்காக நிக்கிறன்."

அவர் சிரித்தார். முழங்காலாருக்கும் விசயத்தைச் சொன்னார். மிச்சம் பன்னிரண்டு படியையும் நாங்கள் மூன்று பேருமாக ஏறினோம்.

அதோடு சரி. மகள் பக்கத்து நகரான அஜக்ஸில் வீடு வாங்கினாள் என்றும் அவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள் என்றும் சொன்னார். நோயாளிகளுக்கு நாங்களாகப் போன் எடுக்கக்கூடாது; அதுவும் ஒரு விதி. எடுத்திருக்கலாம். கையெழுத்து வைத்தவள் என்ற வீம்பில் எடுக்காமல் விட்டுவிட்டேன். அதற்காக இப்போது என் மேல் எனக்குக் கோபம். தொலைபேசி மொழிபெயர்ப்பில் அஜக்ஸ் கிளினிக் ஏதாவது வந்தால் மறுமுனையில் யார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். முழங்கால் நோகுது என்பார்கள். இடுப்பு உளையுது என்பார்கள். ஒருவரும் மரியாதை கொடுப்பதில்லை. பன்னிரண்டு வருடமாகிவிட்டது. இருந்தால் அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.

எனக்கு இப்போது அவருடைய அந்த நாளைய வயது. இந்த வசந்தத்தில் இடது முழங்கால் மடக்க முடியாமல் வீங்கியது. அடுத்த நாளே என்னுடைய டொக்ரரிடம் போனேன். இளம் பெண், என் மகளின் வயதிருக்கும். நான் மொழிபெயர்ப்பாளர் என்று அவளுக்குத் தெரியும். கணினியைப் பார்த்தபடியே பத்துக்கு எத்தனை என்று கேட்டாள்.

ஏழு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் விழுங்கிக்கொண்டேன். இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்தேன். கண்ணை மூடி, மூச்சை மெல்ல எடுத்து மெல்ல விட்டேன். கீபோட் சத்தம் நின்றது. ஏதாவது பிரச்சினையா என்று அவள் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை" என்றேன். "முழங்காலாரைக் கேட்டுச் சொல்லுறன்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவும் இல்லை.